வேலைக்குச் சேர்ந்த புதிதில் வளர்ச்சித் திட்டம் எழுதுவது எப்படி?

கேள்வி (புதியவள்):
முதல் வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆகின்றன. வளர்ச்சித் திட்டம் எழுத உட்கார்ந்தால், மொழித்திறன், மேடைப்பேச்சு, சேமிப்பு, உடற்பயிற்சி என்று பட்டியல் நீள்கிறதே தவிர, எதிலிருந்து தொடங்குவது என்று விளங்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி (கயல்):
இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிப்போடுங்கள். 1981-இல் மேலாண்மை ஆலோசகர் ஜார்ஜ் டோரன் முன்வைத்த 'ஸ்மார்ட்' முறைப்படி, குறிக்கோள் தெளிவாகவும் அளவிடக்கூடியதாகவும் காலக்கெடு உடையதாகவும் இருக்க வேண்டும். 'பேச்சுத்திறனை வளர்ப்பேன்' என்பதைவிட, 'மார்ச் முடிவதற்குள் குழுக்கூட்டத்தில் மூன்று முறை என் பணியை நானே விளக்குவேன்' என்பதே உதவும்.

மறுமொழி (நிலா):
குறிக்கோள் மட்டும் போதாது, தோழி. எப்போது, எங்கே, எப்படிச் செய்வோம் என்று முன்கூட்டியே முடிவுசெய்தால் செயல் கைகூடும் வாய்ப்பு அதிகம் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விளக்கியிருக்கிறார். 'திங்கட்கிழமை மதிய உணவு முடிந்ததும் என் இருக்கையிலேயே அரைமணி நேரம் எக்செல் பயில்வேன்' என்று எழுதிப் பாருங்கள்.

மறுமொழி (மூத்தவள்):
இருவரும் தொடாத ஒன்று உண்டு. கூட்டக் குறிப்பு எழுதுவது, விழா ஏற்பாடு செய்வது போன்ற, பதவி உயர்வுக்கு உதவாத வேலைகளைச் செய்யும்படி ஆண்களைவிடப் பெண்களிடமே அதிகம் கேட்கிறார்கள் என்பதை பொருளியலாளர் லிண்டா பாப்காக்கும் சக ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். (புதிதாகச் சேர்ந்தவருக்கு மறுக்கவும் தயக்கமாக இருக்கும்.) அவ்வேலைகளைச் சுழற்சி முறையில் பகிரலாமே என்று மேலாளரிடம் கேளுங்கள், முடித்த முக்கியப் பணிகளை வாரந்தோறும் குறித்துவைத்தால், ஊதிய உயர்வு பேசும்போது சான்று கையில் இருக்கும்.