கீதைக்குள் கஸ்மாலம் எப்படி வந்தது?

கொருக்குப்பேட்டை கேட்:
போன வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு கீதை உபன்யாசத்துக்குப் போயிருந்தேன். பின்வரிசையில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டு எழுந்தேன், மேடையில் இருந்தவர் 'கஸ்மலம்' என்று ராகமாக இழுக்கிறார்! எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வந்ததும் அடுத்தவர் குடத்தை நகர்த்தினால் காதில் விழுகிற அதே வார்த்தை. நான் மட்டும்தான் சிரித்தேன், அம்மா கிள்ளினார். இது அதுதானா, இல்லை சும்மா ஒலி ஒற்றுமையா? அப்படியே பேமானி, சோமாரி, கேப்மாரி இவற்றின் பூர்வீகமும் தெரிந்தால் சொல்லுங்கள், சின்ன வயதிலிருந்து அர்த்தம் தெரியாமலேயே வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

பழைய பேப்பர்:
அதேதான். இரண்டாம் அத்தியாயம், இரண்டாவது சுலோகம். வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்ட அர்ஜுனனிடம், இந்த நேரத்தில் உனக்கு இந்தக் கஸ்மலம் எங்கிருந்து வந்தது என்று கிருஷ்ணர் கேட்கிறார். அங்கே அது மனக்கலக்கம். சமஸ்கிருதத்தில் அந்தச் சொல்லுக்கு அழுக்கு என்றும் பொருள் உண்டு, சென்னை அதை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளுக்கே பெயராக வைத்துவிட்டது.
சோமாரி தெலுங்கு. சோமரி என்றால் சோம்பேறி, அவ்வளவுதான். 'வா நைனா' என்கிறோமே, அதுவும் அங்கிருந்து வந்ததுதான், நாயனா என்றால் அப்பா.

திருவல்லிக்கேணி டீ:
பேமானி எங்கள் வீட்டுச் சொத்து, உருது. ஈமான் என்றால் நம்பிக்கை, நேர்மை. முன்னால் 'பே' போட்டால் அது இல்லாதவன், பேஈமான். பேஈமானி என்பது ஆள் இல்லை, அந்தக் குணம். கஸ்மாலத்துக்குச் செய்ததையே சென்னை இதற்கும் செய்திருக்கிறது பாருங்கள், குணத்தைப் பிடித்து மனுஷன் தலையில் கட்டியாயிற்று.
பேஜார் எங்களுக்கு பேஸார், சலித்துப்போனது. குஜால், குஷ் ஹால், சந்தோஷமான நிலை. அப்புறம் கலீஜ். என் நானி, அதாவது பாட்டி, அழுக்கு யூனிஃபார்மைப் பார்த்தால் 'கலீஸ்' என்பார். ஏழு வயதில் நான், தெருப் பசங்க பேச்செல்லாம் பேசாதீங்க நானி என்று சொல்லி அடி வாங்கியிருக்கிறேன்.

தொப்பித்தலை:
கேப்மாரி ரொம்ப ஈஸி. கேப்பை மாற்றி மாற்றிப் போட்டு ஏமாற்றுகிறவன், கேப் மாற்றி. வாட்ஸப்பில் வந்தது.

பழைய பேப்பர்:
தொப்பித்தலை சார், வாட்ஸப்பைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கேப்மாரி என்பது ஒரு சமூகத்தின் பெயர். வெள்ளைக்காரன் 1871ல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று போட்டான், 1911ல் அது மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. எவனோ திருடினான் என்பதற்காக இல்லை, இந்தக் கூட்டத்தில் பிறந்ததே குற்றம் என்று பெயர் எழுதி, கைரேகை வாங்கி, எங்கே போனாலும் போலீசுக்குச் சொல்லிவிட்டுப் போ என்கிற சட்டம். 1952ல்தான் நாடு முழுக்க ஒழிந்தது. அந்தச் சட்டம் முத்திரை குத்திய சமூகங்களைத்தான் இப்போது அரசு சீர்மரபினர் என்கிறது, அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள், செங்கல்பட்டு, புதுக்கோட்டை, திருச்சி மாவட்டங்கள் என்று குறிப்பிட்டு அந்தப் பெயர் இருக்கும். சாதிச் சான்றிதழில் அதை வைத்துக்கொண்டு ஒரு பையன் பள்ளிக்கூட ஆபீஸில் நிற்கிறான், நாம் டிராஃபிக்கில் ஹார்ன் மாதிரி அதை அடித்துக்கொண்டிருக்கிறோம்.

தொப்பித்தலை:
இது தெரியாது சார். குரூப்பிலும் போட்டுவிடுகிறேன்.

கொருக்குப்பேட்டை கேட்:
எனக்கும் தெரியாது, இனி அந்த வார்த்தை வாயில் வராது. திட்டத்தான் வேண்டும் என்றால் முடிச்சவிக்கி இருக்கவே இருக்கிறது, சுத்தத் தமிழ், முடிச்சை அவிழ்க்கிறவன். பர்ஸ் இல்லாத காலத்தில் காசைத் துணியில் முடிந்துதானே வைத்தார்கள். என் ஆயாவும் அப்படித்தான், முந்தானை நுனியில் வெற்றிலைச் சருகும் சில்லறையுமாக ஒரு முடிச்சு. மத்தியானம் அவர் அசந்து தூங்கும்போது பல்லால் கடித்து அவிழ்த்து நாலணா எடுத்து ஐஸ் வாங்கித் தின்றேன். 'டேய் முடிச்சவிக்கி' என்று தெருவே கேட்கக் கத்தினார். திட்டுகிறார் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், நடந்ததைத்தான் சொல்லியிருக்கிறார்.