பென் டிரைவுக்கு பாஸ்வேர்டு போட்ட அனுபவம் இருக்கா? நடந்ததை எழுதுங்க

ஜெராக்ஸ்கடைக்காரன்

கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல. பென் டிரைவ்ல வைரஸ் கொண்டு வராத ஆள் குறைவு, அதை விடுங்க. சொல்ல வந்தது வேற.

போன வருஷம் ஒரு பெரியவர் வந்தார், ரிட்டையர்டு வாத்தியார். பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைல். "தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க"ன்னுட்டு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து வச்சு ஒத்தை விரலால அடிச்சார். நானும் மரியாதையா ரோட்டைப் பார்த்துட்டு நின்னேன். ரெண்டு காப்பி எடுத்தார். டிரைவை உருவி சட்டைப் பையில போட்டு, பைக்குப் பட்டனும் போட்டுக்கிட்டுப் போனார்.

சாயங்காலம் சி டிரைவ் நிறைஞ்சு போச்சுன்னு சிஸ்டம் கத்துது. டெம்ப் ஃபோல்டரைக் காலி பண்ணப் போனா, 'டெம்ப்1_'னு ஆரம்பிச்சு அவரோட ஜிப் பேர்லயே ஒரு ஃபோல்டர் கிடக்கு. விண்டோஸ்ல ஜிப்புக்குள்ள இருக்கிற ஃபைலை டபுள் கிளிக் பண்ணினா, டெம்ப்ல ஒரு நகல் எடுத்து வச்சுட்டுத்தான் திறக்கும். டிரைவை உருவினாலும் நகல் அங்கேயே இருக்கும். பூட்டும் கிடையாது. என்னதுன்னு திறந்தேன். உயில். மூணு மகன்கள் பேர். ரெண்டு பேருக்கு சர்வே நம்பர், நாலு எல்லை எல்லாம் விவரமா இருக்கு. மூணாவது பேருக்கு நேரா "இவருக்குச் சேர வேண்டியது ஏற்கெனவே கொடுத்தாயிற்று"ன்னு ஒரே வரி.

அழிச்சுட்டேன். ஆனா அந்த மூணாவது மகன் நம்ம கடை வாடிக்கை. வந்தா டீ வாங்கிக் கொடுத்துப் பேசிட்டுப் போற ஆள். போன வாரம் "அப்பா பேர்ல இருக்கிற இடத்துல வீடு கட்டலாம்னு இருக்கேன், பிளான் போட்டுக் கொடுக்க ஆள் இருக்கா அண்ணே"ன்னு கேட்டான். நான் லேமினேஷன் மெஷினைத் துடைச்சுக்கிட்டே நின்னேன்.

ஆடிட்ஆபீஸ்அக்கா

ஏங்க அண்ணா திறந்து பார்த்தீங்க? பேரைப் பார்த்ததும் அழிச்சிருக்கலாமே. சரி, என் கதை.

செப்டம்பர் 30, டாக்ஸ் ஆடிட் கடைசி நாள். எங்க சீனியர் ஊர்ல இல்லை. கிளையண்ட் ஃபைல் எல்லாம் அவரோட பிட்லாக்கர் (விண்டோஸோட டிரைவ் பூட்டு) போட்ட டிரைவ்ல. பாஸ்வேர்டை அவர் சொல்லித்தான் அடிச்சோம், எடுக்கலை. மாத்தினது அவருக்கே மறந்து போச்சு. ரெக்கவரி கீ 48 இலக்கம், பிரிண்ட் எடுத்து வீட்டு பீரோவில வச்சிருக்கார். அவங்க வீட்டுக்கார அம்மா போன்ல படிக்கிறாங்க, நான் அடிக்கிறேன். ஆறு ஆறா எட்டுக் கட்டம். அவங்க பால் கணக்கு சொல்ற மாதிரி "மூணு மூணு, ஒம்போது, அப்புறம் ஒரு சைபர்"னு சொல்றாங்க. நாலாவது கட்டத்துல சிஸ்டம் தப்புங்குது. ஒவ்வொரு ஆறு இலக்கமும் 11-ஆல வகுபடணும், அதனால அந்தக் கட்டத்துலயே பிடிச்சிடும்னு அப்புறம்தான் தெரிஞ்சது. திரும்பக் கேட்டா, பேப்பர் மடிப்புல 8-ஆ 3-ஆன்னு தெரியலையாம். "இரும்மா, கண்ணாடி எடுத்துட்டு வர்றேன்"னு போனவங்க, குக்கரையும் இறக்கி வச்சுட்டுத்தான் வந்தாங்க. அந்த விசில் சத்தம் எனக்கு இப்பவும் கேக்குது.

ஃபைல் பண்ணி முடிச்சோம். ஆனா இப்ப அந்த அம்மா ஆபீஸுக்கு எப்ப வந்தாலும் "நம்பர் சரியா இருந்துச்சா?"ன்னுதான் முதல்ல கேப்பாங்க.

பழையசிஸ்டம்அட்மின்

முதல் பதிவில் சொன்னது ஜிப்பின் குற்றமில்லை, திறந்த இடத்தின் குற்றம். அதோடு, நீங்கள் 'அழிச்சுட்டேன்' என்கிறீர்களே, அழித்தால் இடம் காலி என்று குறிக்கப்படுமே தவிர, அதன்மேல் வேறு எதுவும் எழுதப்படும்வரை ஃபைல் அங்கேதான் இருக்கும். ரெக்கவரி சாஃப்ட்வேர் வைத்து இன்றைக்கும் எடுக்க முடியலாம்.

எனக்கும் ஒன்று நடந்திருக்கிறது: ஒரு அலுவலகத்தில் சம்பளப் பட்டியலுக்கு எக்செல்லில் 'ஷீட் புரொடெக்ட்' மட்டும் போட்டுவிட்டு ஃபைலே பூட்டிவிட்டதாக நம்பி டிரைவைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், செல்லை மாற்ற மட்டும்தான் முடியாது. மேனேஜருக்குக் காட்டியபோது அவர் முகம் போன போக்கு. அவ்வளவுதான் கதை.

இனி எல்லோரும் கவனிக்க வேண்டியவை. விண்டோஸே நேரடியாகத் திறக்கிற ஜிப் என்றால் அது பெரும்பாலும் பழைய ஜிப்கிரிப்டோ முறை. பிஹாம், கோச்சர் என்ற இருவர் அதை உடைக்கும் வழியை 1994-லேயே எழுதிவிட்டார்கள். உள்ளே இருக்கும் ஃபைலில் சிறு பகுதி நமக்குத் தெரிந்திருந்தால் போதும், பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் பயனில்லை. செவன்-ஜிப்பில் 7இசட் வடிவம் எடுங்கள், அது ஏஇஎஸ்-256 என்கிற வலுவான பூட்டு முறை. 'ஃபைல் பெயர்களையும் மறை' என்கிற கட்டத்தை டிக் செய்யுங்கள், இல்லாவிட்டால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பெயர்ப் பட்டியல் பாஸ்வேர்டு இல்லாமலே தெரியும். டிரைவ் முழுவதும் பூட்ட வேண்டுமென்றால் பிட்லாக்கர் டு கோ, விண்டோஸ் 7 காலத்திலிருந்து இருக்கிறது. ஹோம் பதிப்பில் பூட்ட முடியாது, பூட்டியதைத் திறக்கலாம். லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் வேண்டுமென்றால் வெராகிரிப்ட் என்ற பூட்டு மென்பொருள். ஆனால் அதற்கு அட்மின் அனுமதி வேண்டும், ஜெராக்ஸ் கடையில் கிடைக்காது, கிடைத்தாலும் அங்கே திறக்கக் கூடாது. பிரிண்ட் எடுக்க வேண்டிய ஒரே ஒரு ஃபைலை மட்டும் தனி டிரைவில் கொண்டு போங்கள். 2014 மே மாதம் அதன் முன்னோடியான ட்ரூகிரிப்ட் கடையை மூடிய பிறகும் அதையே வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். வெராகிரிப்ட் 1.26 பதிப்பிலிருந்து அந்தப் பழைய பெட்டகங்களைத் திறக்காது, இப்போதே மாற்றிவிடுங்கள்.

ஹாஸ்டல்பையன்

சார், நீங்க சொன்னது சரி, ஆனா கதை நாலு வரி, கிளாஸ் ஒரு பக்கம் 😄

எங்க காலேஜ்ல ஒரு சார், இன்டர்னல் கொஸ்டின் பேப்பரை 'லாக்கர்' போட்டுத்தான் வச்சிருப்பார். நெட்ல சுத்துமே ஒரு பேட்ச் ஃபைல், நோட்பேடுல ஒட்டி சேவ் பண்ணிட்டு டபுள் கிளிக் பண்ணினா ஃபோல்டர் மாயமா மறையும். ஒரு நாள் லேப்ல பிபிடி காட்டணும்னு அதே டிரைவை புரொஜெக்டர் சிஸ்டத்துல சொருகினார். அது உபுண்டு, அதாவது லினக்ஸ். விண்டோஸ்ல மறைச்சு வைக்கிறது லினக்ஸ்ல செல்லாதே. திரை நிறைய 'கண்ட்ரோல் பேனல்'னு ஒரு ஃபோல்டர், பக்கத்துல ஒரு மீட்டர் நீளத்துக்கு அடைப்புக்குறி நம்பர். சார் "இது என்ன?"ன்னு தானே டபுள் கிளிக் பண்ணினார். 'ஐஏடி 2 ஃபைனல்', அந்த இன்டர்னல் பேப்பரேதான். அறுபது பேர் மூச்சு விடலை. சார் புரொஜெக்டர் வயரைப் பிடுங்கறதுக்குள்ள முதல் பெஞ்சுல ஒருத்தி பதினாறு மார்க் கேள்வியை எழுதியே முடிச்சிருந்தா.

பக்கத்துலயே அந்த பேட்ச் ஃபைலும் இருந்துச்சு. அதை நோட்பேடுல திறந்தா பாஸ்வேர்டு நடுவுல அப்படியே எழுதியிருக்கும், அதை யாரும் சாருக்குச் சொல்லலை. சார் புது பேப்பர் செட் பண்ணினார், கஷ்டமா வேற.

உறையூர்க்காரி

வெராகிரிப்ட்டைப் புகழ்றவங்க இதைக் கேட்டுட்டுப் புகழுங்க.

அப்பாவோட பட்டா, வில்லங்கம், தாய்ப்பத்திரம் எல்லாம் ஸ்கேன் பண்ணி, டிரைவ் முழுசும் வெராகிரிப்ட் போட்டு அண்ணன் அம்மாகிட்ட கொடுத்து வச்சான். முழு டிரைவையும் பூட்டினா விண்டோஸுக்கு அது வெறும் குப்பை. சொருகினதும் "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தணும்னா ஃபார்மட் பண்ணணும்"னு ஒரு கட்டம் வரும். அண்ணியோட தம்பி, ஒரு கல்யாண வீடியோவை ஏத்திக்கலாம்னு அந்த டிரைவை எடுத்தான். கட்டம் வந்துச்சு. அவன் மேல என்ன தப்பு, கம்ப்யூட்டரே பண்ணுன்னு சொல்லுது, பண்ணிட்டான். நான் கூடத்துல பூ கட்டிட்டு இருந்தேன். "அக்கா, டிரைவ் கெட்டுப் போயிருந்துச்சு, சரி பண்ணிட்டேன்"னு சந்தோஷமா வந்து காட்டறான்.

வீடியோ ஏத்தறதுக்கு முன்னாடி பிடுங்கினதுதான் புண்ணியம். வெராகிரிப்ட் தன்னோட ஹெட்டரை (பூட்டைத் திறக்கிற விவரம் இருக்கிற பகுதி) முன்னாடி ஒண்ணும் டிரைவோட கடைசியில ஒரு நகலுமா வச்சிருக்கும். ஃபார்மட்ல முன்னாடி இருந்தது போச்சு, கடைசியில இருந்தது தப்பிச்சுது. அண்ணன் அதை வச்சுத் திறந்தான். ஆனா உள்ள ஃபைல் அட்டவணை காலி. ஃபோட்டோரெக்னு ஒரு ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டுத்தான் மீட்டோம். பத்திரம் எல்லாம் வந்துச்சு, பேர் மட்டும் எதுக்கும் இல்லை, வெறும் நம்பர். எந்த ஸ்கேன் எந்த நிலத்துதுன்னு அம்மா பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா பார்த்துச் சொன்னாங்க.

பழையசிஸ்டம்அட்மின்

முழு டிரைவையும் பூட்டாமல், டிரைவுக்குள் ஒரு ஃபைலாகப் பெட்டகம் செய்திருந்தால் ஃபார்மட் கட்டமே வந்திருக்காது. வழிமுறையிலேயே இதற்கு எச்சரிக்கை உண்டு.

உறையூர்க்காரி

அந்த வழிமுறையை அண்ணி தம்பி படிச்சிருப்பான்னு நினைக்கிறீங்களா?

வடமராட்சியான்

நான் லண்டனிலை இருக்கிறன். ஊர்க் காணி உறுதி, குடும்பப் படங்கள் எல்லாம் ஒரு டிரைவிலை போட்டு, பிட்லாக்கராலை பூட்டி, ஊருக்குப் போன சிநேகிதனிட்டைக் குடுத்துவிட்டனான். பாஸ்வேட் வைபரிலை மருமகனுக்கு அனுப்பினன். அடிக்கிறான், "மாமா, பிழையெண்டு சொல்லுது". திருப்பி அடிக்கிறான், பிழை. கப்ஸ் லொக், நம் லொக் எல்லாம் பாத்தாச்சு. அக்கா பின்னாலை நிண்டு "இவன் வேணுமெண்டே பூட்டிப்போட்டுத் திறப்புத் தராமல் விளையாடுறான்" எண்டு சத்தம் போடுறா. உறுதியிலை ஏற்கெனவே ஒரு சின்னக் கதை ஓடிக்கொண்டிருந்தது, அதாலை எனக்கு அது சுருக்கெண்டு தைச்சுது.

பிறகுதான் விளங்கிச்சு. என்ர மடிக்கணினி இங்கத்தையான், கீபோட்டிலை எழுத்து பிரிட்டிஷ் முறை. விண்டோஸிலை செற்றிங் அமெரிக்கன். பிரிட்டிஷ் கீபோட்டிலை @ இருக்கிற இடத்திலை அமெரிக்கன் முறைக்கு " இருக்கும். நான் @ எண்டு பாத்து அழுத்தினது உள்ளுக்கை " எண்டு விழுந்திருக்கு. பாஸ்வேட் கட்டத்திலை புள்ளிதானே தெரியும். மருமகனிட்டை "@-ஐ எடுத்துப்போட்டு இரட்டை மேற்கோள் போடடா" எண்டன். திறந்திட்டுது. அக்கா ஒண்டும் கதைக்கேல்லை, போனை மருமகனிட்டைக் குடுத்திட்டுப் போட்டா. உறுதியைப் பற்றி அவ இப்பவும் என்னோடை நேராய்க் கதைக்கிறேல்லை.

ஒசாகாவாசி

பாஸ்வேர்டு பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2022 ஜூனில் இங்கே பக்கத்து நகரம் அமகாசாகியில், மாநகராட்சிக்கு வேலை செய்த ஒப்பந்த ஊழியர் ஒருவர் நகரவாசிகள் சுமார் 4,60,000 பேரின் விவரங்கள் இருந்த யுஎஸ்பியைப் பையில் போட்டுக்கொண்டு மது குடிக்கப் போய், தெருவிலேயே தூங்கி, பையைத் தொலைத்துவிட்டார். பெயர், முகவரி, பிறந்த தேதி, வரி, உதவித்தொகை வாங்குகிறவர்களின் வங்கிக் கணக்கு எல்லாம். ஆனால் என்கிரிப்ட் செய்து பாஸ்வேர்டு போட்டிருந்தது.

எங்கள் அலுவலக கேன்டீன் டிவியில் அந்தச் செய்தியாளர் கூட்டம் ஓடியது. அதிகாரி ஒருவர், பயப்பட வேண்டாம் என்ற தொனியில், பாஸ்வேர்டு எழுத்தும் எண்ணும் கலந்த 13 இலக்கம் என்று சொல்லிவிட்டார். என் எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஆங்கிலத்தில் அமகாசாகி ஒன்பது எழுத்து, பின்னால் 2022. பதின்மூன்று. அன்று ட்விட்டர் முழுவதும் அதுதான். பை பிறகு கிடைத்துவிட்டது. பாஸ்வேர்டு உண்மையில் அதுதானா என்பது வேறு விஷயம். நீளத்தை ஏன் சொன்னார் என்பதுதான் எனக்கு இன்றும் புரியவில்லை.

நம் ஊர் ஆதார் பிடிஎஃப்பின் பாஸ்வேர்டும் பெயரின் முதல் நான்கு எழுத்து, பிறந்த வருஷம்தானே. அந்த ஃபைல் கையில் கிடைத்தவருக்கு உங்கள் பெயரும் வயதும் தெரிந்திருந்தால் முடிந்தது. அதே பாணியில் சொந்த டிரைவுக்கும் போடுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

ஜெராக்ஸ்கடைக்காரன்

அக்கா, நீங்க சொன்னது சரிதான், திறந்திருக்கக் கூடாது. ஆனா தினம் இருபது பேர் ஃபைல் என் சிஸ்டத்துல விழுது, எது கடைக்கு வேணும், எது வேண்டாம்னு பேரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. 'புதுசு1'னு தான் இருந்துச்சு. இப்ப வாடிக்கைக்காரங்க எழுந்ததும் டெம்ப்பைக் காலி பண்ணிடறேன்.

பெயரில்லை

எல்லாரும் எழுதறீங்க, நானும்.

அப்பா போன பிறகு அவர் மேஜை டிராயர்ல ஒரு டிரைவ். ஒரே ஒரு 7இசட் ஃபைல், பாஸ்வேர்டு போட்டது. மேல ஒருத்தர் சொன்ன அந்தப் பேர் மறைக்கிற டிக்கை அப்பா போடலை. அதனால பட்டியல் தெரியுது. 'பேங்க் விவரம்', 'பாலிசி', 'வீட்டு வரி', 'கணக்கு 2016'. கடைசியில 'அம்மாவுக்கு', 14 கேபி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின வாரத் தேதி.

அம்மாகிட்ட காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழட்டிட்டு ஸ்கிரீன் கிட்ட வந்து அந்த ஒரு வரியை மட்டும் பார்த்தாங்க. "என்கிட்ட சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிட்டுத்தான் போனார். மூடு"ன்னாங்க.

பழையசிஸ்டம்அட்மின்

வருத்தங்கள், சகோதரி. 7இசட்டில் இத்தனை முறைதான் முயலலாம் என்ற வரம்பு கிடையாது, அதனால் நம்பிக்கை உண்டு. சில ஹார்டுவேர் டிரைவ்களில்தான் அந்த ஆபத்து: 7,002 பிட்காயின் வைத்திருந்த ஸ்டீஃபன் தாமஸ் என்ற புரோகிராமருக்கு, அயர்ன்கீ என்ற பூட்டு டிரைவில் பாஸ்வேர்டு முயலக் கொடுக்கும் பத்து வாய்ப்பில் இரண்டுதான் மிச்சம் என்று 2021-ல் செய்தி வந்தது. உங்களுக்கு அப்படியில்லை. முதலில் டிரைவை அப்படியே நகல் எடுங்கள். அப்பா வழக்கமாகப் போடும் பாஸ்வேர்டுகள், வண்டி நம்பர், பழைய போன் நம்பர், உங்கள் பிறந்தநாள் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதுங்கள். ஹாஷ்கேட் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரில் அந்தச் சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். 7இசட் வேண்டுமென்றே மெதுவாகத்தான் சரிபார்க்கும், ஆகவே பட்டியல் சிறிதாக இருந்தால்

பெயரில்லை

ஐயா, பாதியிலேயே நிறுத்திட்டீங்க போல, முழுசா வரலை. பரவாயில்லை, திறக்க வழி கேக்கலை. பாலிசி நம்பர் பிராஞ்சுலயே கிடைச்சுது, பேங்க்ல நாமினி அம்மாதான். வீட்டு வரி ரசீதும் நகராட்சியில எடுத்துட்டோம்.

ஹாஸ்டல்பையன்

அட்மின் சார், உங்க பதிவு நீளம் தாண்டி வெட்டிடுச்சு.

பழையசிஸ்டம்அட்மின்

மீதியைத் தனி இழையாகப் போடுகிறேன்.