ஐ5-7400 மெஷினுக்குக் காசு போடுறதா, புதுசா எடுக்கிறதா?

கல்லடிக்கரை

என்ட கம்ப்யூட்டர் இது: சிபியு ஐ5-7400, ஹெச்110 மதர்போர்ட், 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், கிராபிக்ஸ் கார்ட் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி, 1 டிபி ஹார்ட் டிஸ்க். பவர் சப்ளை கேஸோட வந்தது, மேல 500 வாட்ஸ் எண்டு கிடக்கு. மொனிட்டர் 1080பி. ஜிடிஏ 5ல காரை வேகமா விட்டா நிண்டு நிண்டு போகுது. ஒரு இடத்தில நிப்பாட்டி வச்சா 60க்குக் கிட்ட எஃப்பிஎஸ் (செக்கனுக்கு எத்தனை படம்) வருது. கடையில செக்கண்ட் ஹேண்ட் ஐ7-7700 போட்டாச் சரி எண்டாங்க. முழுசா மாத்த இப்ப காசு காணாது. ஐ7 எடுக்கவா, இல்லாட்டிப் பொறுத்திருந்து புதுசாவே எடுக்கவா?

கல்முனை நானா

தம்பி, ஐ7 கதையை விடுங்க. அந்த போர்ட்டுக்கு அதுதான் கடைசிப் படி. எட்டாம், ஒன்பதாம் தலைமுறை சிபியு குந்துற சாக்கெட்டுக்கும் பேர் 1151தான், ஆனா ஹெச்110ல ஓடாது. ஐ7க்குக் குடுக்கிற காசு போர்ட்டோடயே போயிரும்.

முதல்ல எது இழுக்குது எண்டு பாருங்க. எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர், ரிவாட்யூனர் எண்ட சொஃப்ட்வெயர் ரெண்டையும் போட்டு, ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) சதவீதம், சிபியுவின்ட நாலு கோரும் தனித்தனியா, ரேம், சூடு எல்லாம் திரையில வாற மாதிரி வைங்க. டாஸ்க் மேனேஜரை அடுத்த பக்கம் திறந்து வச்சு டிஸ்க்கையும் பாருங்க. பத்து நிமிஷம் வேகமா ஓட்டுங்க. நிக்கிற அந்த நேரத்தில என்ன நம்பர் காட்டுது எண்டதுதான் முக்கியம், சராசரி இல்லை. அப்படியே கேஸைத் திறந்து பவர் சப்ளை லேபிள்ல 12 வோல்ட் வரிசையில எத்தனை ஆம்பியர் எண்டும் பாத்துச் சொல்லுங்க.

அம்பாறை வயல்

நான் மாத்தச் சொல்லுவன். அந்த சிபியுவில நாலு கோர், நாலு த்ரெட்தான், ஒரே நேரத்தில நாலு வேலைதான் ஓடும். விண்டோஸ் 11 பட்டியல்ல ஏழாம் தலைமுறை ஐ5 இல்லை. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட ஆதரவு முடிஞ்சுது. நீடிச்ச பாதுகாப்பு அப்டேட்டில சேந்தாலும் வீட்டுப் பாவனைக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான். சுத்துவழியில 11 போட்டா, வாலரண்ட் மாதிரி கேம் டிபிஎம் 2.0 (பாதுகாப்பு சிப்), செக்யூர் பூட் (நம்பகமான சொஃப்ட்வெயரில மட்டும் மெஷினை எழும்ப விடுற செட்டிங்) ரெண்டும் கேக்கும். இதுக்கு மேல அந்த மெஷினுக்கு எதுக்குச் செலவு?

கல்லடிக்கரை

பாத்தன் நானா. நிப்பாட்டி வச்சா ஜிபியு 97, கோர் எல்லாம் 60–75. வேகமா ஓட்டி அது நிக்கிற நேரம் ஜிபியு 35க்கு விழுது, கோரும் இறங்குது, ரேம் 7.7 ஜிபி, டிஸ்க் 100. சிபியு சூடு 88. லேபிள்ல 12வி 18ஏ.

கல்முனை நானா

பிடிபட்டுது. சிபியு முட்டியிருந்தா கோர் நூறில நிக்கும். உங்கட கோர் இறங்குதே, அது சும்மா காத்துக் கொண்டு கிடக்கு. ரேம் நிரம்பி விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில எழுதுது, அதே டிஸ்க்கில இருந்து கேம் ரோட்டையும் வீட்டையும் வாசிக்குது. ஐ7 போட்டிருந்தாலும் இதே கதைதான்.

இப்ப ரெண்டே சாமான். 8 ஜிபி ரெண்டு ஸ்டிக் சோடியா, டிடிஆர்4 3200. இந்த போர்ட்டில அது 2400லதான் ஓடும், பரவாயில்லை. பழைய ஸ்டிக்கைச் சேத்துப் போடாதீங்க, இடமும் ரெண்டுதான். மற்றது 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி (வயரில பூட்டுறது, ஹார்ட் டிஸ்க்கை விட வேகம்), 500 ஜிபி போதும். ஹெச்110 போர்ட் கனக்கத்தில எம்.2 (போர்ட்டிலயே செருகுற எஸ்எஸ்டி) இடம் இல்லை, பாக்காம எம்.2 வாங்கிராதீங்க. விண்டோஸைப் புதுசாப் போடக்குள்ள பயோஸ்ல (மெஷின் எழும்பக்குள்ள வாற செட்டிங்) யுஇஎஃப்ஐ எண்ட புது பூட் முறையை வச்சு, எஸ்எஸ்டியை ஜிபிடி எண்ட புது பிரிப்பு முறைக்கு மாத்திப் போடுங்க. பழைய எம்பிஆர் முறையில போட்டா பிறகு செக்யூர் பூட் வராது.

வயல் சொல்றதும் நியாயம், மாத்தத்தான் வேணும், ஆனா கடைசியா. பிறகு ஐ5-12400எஃப் சிபியு எடுக்கிறண்டா ஹெச்610 போர்ட் டிடிஆர்4லயும் வருது, டிடிஆர்5லயும் வருது. பெட்டியைப் பாத்து டிடிஆர்4 எடுத்தா இந்த ரேம் அப்படியே ஏறும், 3200லயும் ஓடும். ஏஎம்டின்ட ரைசன் 5 5600 சிபியுவும் பி550 போர்ட்டும் எண்டாலும் அப்படித்தான். ஏஎம்டின்ட புது ஏஎம்5 சாக்கெட்டுக்குப் போனா டிடிஆர்5 மட்டும்தான். 2025 கடைசியில இருந்து ரேம் விலை ஏறின ஏத்தத்துக்கு, கையில இருக்கிற ரேமை வீசுற வழிக்குப் போகவேணாம்.

கிராபிக்ஸ் கார்ட் நடுவில. ஆனா பவர் சப்ளை மாத்தாம கார்ட் மாத்தாதீங்க. 12ஐ 18ஆல பெருக்கினா 216 வாட்ஸ், லேபிள் 500 எண்டாலும் அவ்வளவுதான். 1050 டிஐ 75 வாட்ஸ், ஸ்லொட்டிலயே எடுக்குது, அதாலதான் இவ்வளவு காலம் ஓடினது. ஆர்எக்ஸ் 6600 எண்டா கார்ட் மட்டும் 132, சிபியு 65, மிச்சத்துக்கு ஒரு 40. கணக்கிலேயே 216ஐத் தாண்டிட்டு. கேம் நடுவில மெஷின் பொசுக்கெண்டு ரீஸ்டார்ட் ஆகும், ஆள் கார்டைக் குறை சொல்லும். 12 வோல்ட்டில 40 ஆம்பியருக்குக் குறையாம வாற 550 வாட்ஸ் எடுங்க, அடுத்த மெஷினுக்கும் உதவும்.

வாவிமீன்

88 சூட்டை ஒருத்தரும் கவனிக்கல்லையே. 65 வாட்ஸ் சிபியு அந்தச் சூட்டுக்குப் போறண்டா சிபியுவுக்கும் கூலருக்கும் இடையில பூசுற பேஸ்ட் காஞ்சிருக்கும், இல்லாட்டி ஃபேனைப் பிடிக்கிற பிளாஸ்டிக் ஆணி ஒண்டு கழண்டிருக்கும். கழட்டிப் பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் அல்கஹோலால துடைச்சு, பட்டாணிக் கடலை அளவு வைங்க. ஆணியை மூலைக்கு மூலையா அழுத்தி, நாலும் டிக் எண்டு சத்தம் வரணும். மூண்டுதான் ஏறினா கண்ணுக்குத் தெரியாது, சூட்டில தெரியும்.

கல்லடி எண்டா ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில புழுதி, மாரியில உப்பு ஈரம். சிபியு ஃபேனுக்குக் கீழ இருக்கிற அலுமினியத் தகட்டில வெள்ளையாப் பூத்திருந்தா அதுதான் அது. பழைய ரேமைக் கழட்டக்குள்ள ஸ்லொட்டையும் பாருங்க, பச்சை பிடிச்சிருந்தா புது ரேம் போட்டாலும் மெஷின் ஒண்டு காட்டும், ஒண்டு காட்டாது. போர்ட்டில இருக்கிற சிஆர்2032 பற்றரியையும் மாத்துங்க. அது செத்தா பயோஸ் பழைய நிலைக்குப் போய் நேரமும் பிழைக்கும், வச்ச செட்டிங்கும் போயிரும்.

கல்லடிக்கரை

ரேமும் எஸ்எஸ்டியும் எடுக்கிறன். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டவா?

கல்முனை நானா

வேணாம், படம், பாட்டு, பழைய ஃபைல் போட வைச்சுக் கொள்ளுங்க. கேம் மட்டும் எஸ்எஸ்டியில. விண்டோஸ் போடுற நேரம் மட்டும் அதின்ட சாட்டா வயரைக் கழட்டி வைங்க, இல்லாட்டி பூட் பார்ட்டிஷன் போய்ப் பழைய டிஸ்க்கில குந்திரும். பிறகு அந்த டிஸ்க் செத்தா எஸ்எஸ்டியும் எழும்பாது.