மீடியம் ஃபார்மட் கேமராவின் விலைக்கு ஏற்ற பயன் கிடைக்குமா?

கேள்வி: நெசவுத்தெரு

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது ஆண்டுகளாகப் பட்டுச் சேலைகளையும் நகைகளையும் விற்பனைப் பட்டியல்களுக்காகப் படமெடுத்து வருகிறேன். என்னிடம் இருப்பது 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவும் 90 மி.மீ. மேக்ரோ லென்ஸும். அண்மையில் ஒரு வாடிக்கையாளர், தம் கடைச் சுவருக்காக 6 அடி அகலத்தில் அச்சிட்ட முந்தானைப் படத்தில் ஜரிகை இழைகள் கலங்கித் தெரிவதாகக் குறை கூறினார். அதன் பிறகு, ஃபுல் ஃபிரேமைவிடப் பெரிய சென்சார் (ஒளியைப் பதியும் பகுதி) கொண்ட மீடியம் ஃபார்மட் கேமராவான 102 மெகாபிக்சல் ஃபியூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ்100எஸ் இரண்டாம் பதிப்பை வாங்கலாமா என்ற எண்ணம் என்னை விடவில்லை. 2024இல் அமெரிக்காவில் அதன் அறிமுக விலை 4,999 டாலர். லென்ஸையும் சேர்த்தால் கடன் வாங்காமல் என்னால் இயலாது. அந்தக் கடனுக்குத் தகுந்த பயன் கிடைக்குமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில்: வில்லைக்காரன்

நண்பரே, முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ஃபிலிம் காலத்தில் மீடியம் ஃபார்மட்டின் மிகச் சிறிய சட்டகமே ஏறத்தாழ 56 × 41.5 மி.மீ. அளவுடையது. ஜிஎஃப்எக்ஸ், ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசைக் கேமராக்களின் சென்சாரோ 44 × 33 மி.மீ. மட்டுமே. ஃபுல் ஃபிரேமின் 36 × 24 மி.மீ. சென்சாரோடு ஒப்பிட்டால் பரப்பு ஏறக்குறைய 1.7 மடங்கு, ஒளியின் கணக்கில் ஒரு ஸ்டாப்புக்கும் (ஒளி இரு மடங்காவதே ஒரு ஸ்டாப்) குறைவான ஆதாயம். பழைய 6 × 6 செ.மீ. ஃபிலிம் கேமராவுக்கும் 35 மி.மீ. கேமராவுக்கும் இடையே இருந்த பெரிய இடைவெளியை இங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஜிஎஃப்எக்ஸின் 102 மெகாபிக்சல் சென்சாரிலும் சோனி ஏ7ஆர் ஐந்தாம் பதிப்பின் 61 மெகாபிக்சல் சென்சாரிலும் ஒவ்வொரு பிக்சலின் அகலமும் 3.76 மைக்ரான்தான். ஆகவே பிக்சலுக்குப் பிக்சல் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே தரம். பெரிய சென்சாரில் அதே பிக்சல்கள் கூடுதலாக இருக்கின்றன, அவ்வளவே. நீளவாக்கில் ஒன்றில் 11,648 பிக்சல், மற்றொன்றில் 9,504 பிக்சல். 102, 61 என்ற எண்கள் காட்டும் வித்தியாசம் அச்சில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

உங்கள் நகை வேலைக்கு இதைவிட முக்கியமான தடை ஒன்று உண்டு. ஜிஎஃப் 120 மி.மீ. மேக்ரோ லென்ஸ் பாதி உருப்பெருக்கம் மட்டுமே தரும்; அதாவது பொருளின் பாதி அளவு பிம்பமே சென்சாரில் விழும். அதில் மிக அருகில் சென்றாலும் சட்டகத்தின் அகலத்தில் சுமார் 88 மி.மீ. இடம் அடங்கும். மூன்று சென்டிமீட்டர் உயரமுள்ள ஜிமிக்கியைச் சட்டகம் நிறைய எடுக்க வேண்டுமானால் கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே பொருத்தும் எக்ஸ்டென்ஷன் டியூப் தனியாக வாங்க வேண்டும். உங்களிடம் இப்போதே இருக்கும் 90 மி.மீ. மேக்ரோ முழு உருப்பெருக்கம் தருவதாக இருந்தால், 36 மி.மீ. இடமே சட்டகத்தை நிறைத்துவிடும். மேலும், ஃபுல் ஃபிரேமில் எஃப் 11 அபெர்ச்சரில் (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறிதாகும்) கிடைக்கும் தெளிவு ஆழத்தைப் பெற ஜிஎஃப்எக்ஸில் எஃப் 14 வரை போக வேண்டும் என்பதால், நகைகளுக்கு, ஃபோகஸை மாற்றி மாற்றி எடுத்த பல படங்களை ஒன்றாக்கும் ஃபோகஸ் ஸ்டாக்கிங் எப்படியும் தேவைப்படும். சுருக்காத 16 பிட் கோப்பு ஒன்று ஏறத்தாழ 200 எம்பி. ஒரு நகைக்கு 40 படங்கள் என்றால் 8 ஜிபி. கணினியும் சேமிப்பு வட்டுகளும் இந்தச் சுமையைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். கேமராவின் விலையோடு சேர்த்துச் சொல்லப்படாத செலவு அது.

பதில்: அச்சுமை

நான் பெரிய அளவு அச்சு வேலை செய்பவன். 6 அடி என்பது 72 அங்குலம். உங்கள் 6,000 பிக்சல் படத்தில் அங்குலத்துக்கு 83 பிக்சல் கிடைக்கிறது. 61 மெகாபிக்சலில் 132, ஜிஎஃப்எக்ஸில் 162. நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும் என்று கொண்டால், ஐந்து அடி தொலைவில் அங்குலத்துக்கு 57 பிக்சலே போதும். எனவே எட்ட நின்று பார்ப்பவருக்கு உங்கள் படத்தில் குறை தெரிந்திருக்கக் கூடாது.

ஆனால் சேலைக் கடைக்கு வருபவர் எட்ட நிற்பதில்லை. ஜரிகையைத் தொட்டுப் பார்க்கும் நினைப்பில் படத்தையும் ஒன்றரை அடிக்குள் நெருங்குவார். அந்தத் தொலைவில் அங்குலத்துக்கு 190 பிக்சல் தேவைப்படும். இந்த மூன்று கேமராக்களில் எதுவும் ஒரே படத்தில் அதைத் தராது. முந்தானை அசையாமல் விரிந்து கிடக்கும் பொருள் என்பதால், உங்கள் கேமராவிலேயே பகுதி பகுதியாக எடுத்து இணைத்தால், ஜிஎஃப்எக்ஸின் ஒற்றைப் படத்தைவிடக் கூடுதல் நுணுக்கம் கிடைக்கும். ஒளியமைப்பை மாற்றாமல், கேமராவைச் சேலைக்கு இணையாக நகர்த்தி எடுக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

பதில்: வண்ணக்கூடம்

பழைய ஓவியங்களை ஆவணப்படுத்தும் வேலைக்காக நான் ஜிஎஃப்எக்ஸ்100எஸ் வாங்கினேன். அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. 4 அடி அகலமும் 3 அடி உயரமும் கொண்ட ஓவியத்தைச் சட்டகம் நிறைய எடுக்கும்போது 4:3 வடிவம் முழுவதுமாகப் பயன்படுகிறது. அங்குலத்துக்கு 242 பிக்சல் கிடைக்கிறது. 3:2 வடிவமுள்ள 61 மெகாபிக்சல் கேமராவில் பக்கங்கள் வீணாகி 176 மட்டுமே மிஞ்சும். மேலே நண்பர் கூறிய நான்கில் ஒரு பங்குக் கணக்கு எனக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

பல படங்களைக் கலந்து நுணுக்கம் கூட்டும் பிக்சல் ஷிஃப்ட் வசதி இரண்டிலும் உண்டு. ஆயினும், நான் வேலை செய்யும் பழைய கட்டடங்களின் மாடிகளில் தெருவில் ஒரு பேருந்து சென்றாலே தளம் அதிர்கிறது. ஒருமுறை முழு நாள் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் பயன்படாமல் போயின. ஓவியங்களை மறுபடியும் பெட்டியிலிருந்து வெளியே எடுக்க உரிமையாளர் ஒப்பவில்லை. அன்றுமுதல் ஒரே சொடுக்கில் கிடைக்கும் நுணுக்கத்துக்கே நான் விலை கொடுக்கிறேன். பகுதி பகுதியாக எடுத்து இணைப்பதும் அத்தகைய இடத்தில் நம்பத்தக்கதன்று.

நெசவுத்தெரு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. என் ஸ்டுடியோ தரைத்தளத்தில், சிமெண்ட் தரையில் உள்ளது. என் மேக்ரோ லென்ஸும் முழு உருப்பெருக்கம் தருவதுதான். ஆகவே இணைக்கும் முறையை முதலில் முயல்கிறேன். இன்னும் ஒரு ஐயம் உண்டு. பட்டின் நெசவில் அடிக்கடி வானவில் போன்ற மோயரே பட்டைகள் விழுகின்றன. மீடியம் ஃபார்மட்டில் அவை மறையுமா? அடுத்த மாதம் மாடல்களை வைத்து வெயிலிலும் படமெடுக்க வேண்டியுள்ளது.

வில்லைக்காரன்

முற்றிலும் மறையா. ஜிஎஃப்எக்ஸ் சென்சாரில், நுண்ணிய விவரங்களைச் சற்றே மங்கலாக்கி மோயரேயைக் குறைக்கும் லோ பாஸ் ஃபில்டர் இல்லாததால், பட்டைகள் வேறு தொலைவில், வேறு நெசவில் தோன்றும், அவ்வளவே. கேமராவை ஓர் அடி முன்னோ பின்னோ நகர்த்திப் பாருங்கள். அல்லது அபெர்ச்சரை எஃப் 16 வரை மூடிப் பாருங்கள். சேலையைச் சற்றே திருப்பி விரித்தாலும் பெரும்பாலும் குறையும்.

வெயிலில் எடுப்பதைப் பொறுத்தவரை, ஜிஎஃப்எக்ஸில் ஃபிளாஷ் ஒத்திசைவு, அதாவது ஃபிளாஷோடு சேர்த்துப் பயன்படுத்தக்கூடிய மிக வேகமான ஷட்டர் வேகம், நொடியில் 125இல் ஒரு பங்குதான். உங்கள் ஃபுல் ஃபிரேமே அநேகமாக அதைவிட வேகமானதாக இருக்கும். ஹாசல்பிளாட் எக்ஸ்சிடி லென்ஸ்களுக்குள் லீஃப் ஷட்டர் இருப்பதால் 2,000இல் ஒரு பங்கு வரை போகலாம்; 125ஓடு ஒப்பிட்டால் நான்கு ஸ்டாப் வித்தியாசம். நடுப்பகல் வெயிலை அடக்கிச் சேலையின் நிறத்தைக் காக்க அது மிகப் பெரிய உதவி. அந்த ஒரு நாளுக்கு அதை வாடகைக்கு எடுங்கள். வாடகையை வாடிக்கையாளரின் மதிப்பீட்டிலேயே தனி வரியாகச் சேர்த்துவிடலாம். அத்தகைய நாள்கள் ஆண்டில் எத்தனை வருகின்றன என்று குறித்து வைத்த பிறகு கடனைப் பற்றி எண்ணலாம்.