உதவி: ஈதர்நெட் டிரைவரில் அனுப்பும் கியூ நின்றுவிட்டால் மறுபடி எழுவதில்லை

ஈரநிலம்:
லினக்ஸுக்காக நான் எழுதிவரும், நெட்வொர்க் கார்டை இயக்கும் ஈதர்நெட் டிரைவர் சில மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டுத் திடீரென்று பாக்கெட் அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. இணைப்பை டவுன் செய்து அப் செய்தால் சரியாகிவிடுகிறது. காரணம் தேடி, லினக்ஸ் பதிவில் செய்தி எழுதும் பிரிண்ட்கே வரிகளைச் சேர்த்தால் கோளாறே வருவதில்லை. அவசரம், உதவுங்கள்.

திண்ணை:
எந்தக் கெர்னல், எந்தப் பிராசஸர், எத்தனை கோர்? நின்ற பிறகு உள்ளே வரும் பாக்கெட்டுகளும் நின்றுவிடுகின்றனவா? கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் என்ன இருக்கிறது?

வடம்:
முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். பாதிக் கோளாறுகள் அங்கேதான் இருக்கும்.

ஈரநிலம்:
கெர்னல் 6.1, நான்கு கோர் ஆர்ம் போர்டு, ரிங்கில் (அனுப்பும் பாக்கெட்டுகளுக்கான வட்ட வரிசை) 256 டிஸ்கிரிப்டர்கள் (பாக்கெட் இருக்கும் இடத்தைக் குறிக்கும் பதிவுகள்). ஆர்ப் கேள்விகள் (இந்த ஐபி முகவரி யாருடையது என்று கேட்பவை) உள்ளே வருகின்றன. பதில்தான் வெளியே போவதில்லை. டிமெசேஜில் ஒன்றுமில்லை. கேபிளை மாற்றியாயிற்று.

மூத்தநிரல்:
அனுப்புவது தேங்கினால் கெர்னல் அழைக்கும் டைம்அவுட் ஃபங்ஷனை நீங்கள் எழுதவே இல்லை என்று தெரிகிறது. அது இல்லாத டிரைவருக்குக் கெர்னல், தேக்கத்தைக் கண்காணிக்கும் வாட்ச்டாக்கை ஓட்டாது. பிறகு டிமெசேஜில் என்ன வரும்? நினைவக வாசிப்பு, எழுத்துகளின் வரிசை மாறாமல் காக்கும் மெமரி பேரியர் பற்றிய ஆவணத்தைப் புரட்டாமலேயே டிரைவர் எழுத உட்காருகிறவர்களுக்கு எத்தனை முறைதான் சொல்வது?

நெய்தல்:
கடிந்துகொள்வதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஒரு கோரில் அனுப்பும் ஃபங்ஷன் ரிங் நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு கியூவை (அனுப்பக் காத்திருக்கும் பாக்கெட் வரிசையை) நிறுத்தப் போகிறது. அந்த இடைவெளியில் இன்னொரு கோர் அனுப்பி முடிந்த டிஸ்கிரிப்டர்கள் அனைத்தையும் விடுவித்து, கியூ நிற்கிறதா என்று பார்த்து, இன்னும் நிற்கவில்லை என்பதால் எழுப்பாமலே போய்விடுகிறது. அதன் பிறகு கியூ நிற்கிறது. ரிங்கோ காலி, அனுப்பி முடிந்ததைச் சொல்லும் இன்டரப்ட் இனி வராது, எழுப்ப ஆளும் இல்லை. நிறுத்தியபின் ஒரு பேரியர் வைத்து, இடம் இருக்கிறதா என்று மறுபடியும் பார்த்து, இருந்தால் நீங்களே கியூவைத் தொடங்கிவிடுங்கள். விடுவிக்கும் பக்கத்திலும், ரிங்கின் நிலையைப் புதுப்பிப்பதற்கும் கியூவைப் பார்ப்பதற்கும் நடுவே ஒரு பேரியர் வேண்டும். பிராட்காம் கார்டுகளுக்கான டிஜி3 டிரைவரில் இதற்கென்றே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள்.

பூட்டுக்காரர்:
இவ்வளவு நுணுக்கம் எதற்கு? அனுப்பும் ஃபங்ஷனைக் கெர்னல் ஏற்கெனவே ஒரே நேரத்தில் ஒரு கோரை மட்டும் நுழைய விடும் ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டுதான் அழைக்கிறது. விடுவிக்கும் பக்கமும் அதையே பிடித்தால் தீர்ந்தது.

நெய்தல்:
தீரும், ஆனால் அனுப்பும் கோரும் விடுவிக்கும் கோரும் ஒன்றுக்காக ஒன்று காத்துக் கிடக்கும்.

வடம்:
இன்டெல், ஏஎம்டி கணினிகளில் உள்ள எக்ஸ்86 பிராசஸர் என்றால் இந்தத் தொல்லையே வராதே.

மூத்தநிரல்:
தவறு. எழுதியது மற்ற கோர்களுக்குத் தெரியும் முன்பே அடுத்த வாசிப்பை எக்ஸ்86 முடித்துவிடக்கூடும். மறுபரிசோதனை இல்லாவிட்டாலோ எந்தப் பிராசஸரும் தப்பாது.

பூட்டுக்காரர்:
அதனால்தான் பூட்டு என்கிறேன்.

ஈரநிலம்:
மறுபரிசோதனையும் இரு பக்கமும் பேரியரும் சேர்த்தேன். நேற்று மாலையிலிருந்து நிற்கவில்லை. நன்றி.

திண்ணை:
எத்தனை டிஸ்கிரிப்டர் காலியானால் எழுப்புகிறீர்கள்? ஒன்றே ஒன்று என்றால் கியூ நின்று நின்று ஓடும். டைம்அவுட் ஃபங்ஷனை எழுதிவிட்டீர்களா?