ஆர்கன்சா கல்லுக்கு எண்ணெயா, சோப்புத் தண்ணீரா? கோட்டிக்யூலுக்கு எது?

நுரைக்கிண்ணம்

வணக்கம். ஒரு வருடமாக மடக்குச் சவரக்கத்தியில்தான் சவரம். ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த பழைய கத்தி, 5/8 அங்குல அகலம், கார்பன் எஃகு. இதுவரை வெளியே கொடுத்துத் தீட்டி வாங்கினேன், இப்போது நானே தீட்டலாம் என்று இரண்டு இயற்கைக் கற்கள் வாங்கினேன். ஒன்று ஆர்கன்சா கல், பின்னால் டார்ச் அடித்தால் ஓரமெல்லாம் வெளிச்சம் ஊடுருவும் வகை. இன்னொன்று கோட்டிக்யூல், மேலே வெளிர் மஞ்சள், அடியில் சிலேட் ஒட்டியது.

ஆர்கன்சாவுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று படித்துவிட்டு, வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெயைத் தடவினேன். முதல் இரண்டு முறை பிரச்சினை இல்லை. மூன்றாவது முறை மார்கழிக் காலை, கோயம்புத்தூர்க் குளிர், கல்லின் மேல் மெழுகு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. துடைத்துவிட்டுத் தீட்டினால் கத்தி வழுக்கிக்கொண்டு போகிறதே தவிர எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை. முன்பு நாலு இழுப்புக்கே எண்ணெய் கறுக்கும், இப்போது 50 இழுத்தாலும் கறுப்பே வரவில்லை. தொட்டால் பிசுபிசுப்பு, லேசாகச் சிக்கு வாடையும் இருக்கிறது. இந்தக் கத்தியில் கை முடி விழுகிறது, ஆனால் தாடையில் வைத்தால் இழுக்கிறது.

கோட்டிக்யூலை போர் தண்ணீரில் பயன்படுத்தினேன், காய்ந்ததும் வெள்ளைத் திட்டுகள். கல்லைக் காப்பாற்ற முடியுமா? இனி எதற்கு எதைப் போடுவது? கோட்டிக்யூலுக்கும் எண்ணெய் போடலாமா?

பழையஇரும்பு

கல் போகவில்லை, பயப்பட வேண்டாம். ஆர்கன்சா கல் நோவாகுலைட் என்ற பாறை, கிட்டத்தட்ட முழுக்கவும் சிலிக்கா. உங்களிடம் இருக்கும் வகை மிக நெருக்கமானது, எண்ணெய் உள்ளே அதிகம் இறங்காது. இறங்கியிருந்தால்கூட எடுத்துவிடலாம். பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப் போடுங்கள், பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள், தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதப்பது நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். கொதிக்க வைக்காதீர்கள், திடீர்ச் சூட்டில் கல் விரிசல் விடலாம். கோட்டிக்யூலை இப்படி ஊற வைக்கவே கூடாது, சிலேட்டை ஒட்டிய பசை விட்டுவிடும்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும், கோவையில் டிசம்பர் காலை அதற்கும் கீழேதான். உறையாத நாளிலும் சமையல் எண்ணெய் எதுவுமே கல்லுக்கு ஆகாது. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெயெல்லாம் காற்றுப்பட்டு நாளாக ஆகப் பிசினாகிவிடும், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். அந்தப் பிசினோ, உறைந்த தேங்காய் எண்ணெயோ இரும்புப் பொடியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கல்லின் பல் மூடிவிடும், உங்களுக்கு நடந்தது அதுதான்.

எண்ணெய் போடுவதே அந்தப் பொடியை மிதக்க வைக்கத்தான். கோட்டிக்யூல் மாதிரி ஆர்கன்சா தன் துகளை உதிர்த்துக்கொண்டே இருக்காது, அதே மேற்பரப்புதான் வெட்டிக்கொண்டிருக்கும், அதனால் அது சுத்தமாக இருக்க வேண்டும். காய்ந்து பிசினாகாத மினரல் எண்ணெய் எதுவும் ஆகும். மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் லிக்விட் பாரஃபின் அதேதான், வாடை கிடையாது, முகத்துக்கும் ஒன்றும் செய்யாது. கொஞ்சம் கெட்டி. தையல் மெஷின் எண்ணெய் அதைவிட லேசு, கத்தி கல்லைத் தொடுவது கைக்குத் தெரியும், ஆனால் தீட்டியதும் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் முகத்துக்குப் போக வேண்டும். எதுவானாலும் மூன்று சொட்டு, விரலால் பரப்புங்கள், போதும். சவரக்கத்தியைத் தீட்டும்போது நாம் அழுத்துவதே இல்லை, கத்தியின் எடை மட்டும்தான். எண்ணெய் கெட்டியாகவோ அதிகமாகவோ இருந்தால் கத்தியின் வாய் அந்தப் படலத்தின் மேலேயே மிதந்து போய்விடும், கல்லைத் தொடாது.

தோல்வார்

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் எண்ணெய்தான் வழி என்று இல்லை. எங்கள் அப்பா 40 வருடம் சலூன் வைத்திருந்தவர், கல்லில் எண்ணெய் போட்டு நான் பார்த்ததே இல்லை. வாடிக்கையாளருக்குப் போட்ட நுரையில் மிச்சத்தை பிரஷ்ஷோடு எடுத்துக் கல்லில் ஒரு தடவு, ஏழெட்டு இழுப்பு, துடைத்துவிட்டுத் தோல்வாரில், அதாவது தோல் பட்டையில், தேய்த்து அடுத்த ஆளுக்குத் தயார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, முதலில் சரசரவென்று கேட்கும், வாய் பிடித்ததும் சத்தம் அடங்கிவிடும்.

என் ஆர்கன்சாவில் நான் சோப்புத் தண்ணீர்தான் போடுகிறேன். வெறும் தண்ணீர் அந்தக் கல்லில் முத்து முத்தாக நின்று ஒதுங்கிவிடும், ஒரு சொட்டு லிக்விட் சோப்பு கலந்தால் பரவி நிற்கும், பொடியையும் மிதக்க வைக்கும். முடித்ததும் குழாயில் காட்டினால் கல் சுத்தம்.

போர் தண்ணீர் வேண்டாம். உப்புத் தண்ணீரில் குளிக்கிற சோப்பு நுரைக்காமல் திரிந்துபோகும் இல்லையா, அந்தத் திரி கல்லில் ஒட்டும். பாத்திரம் கழுவும் லிக்விட் அப்படித் திரியாது. உங்கள் ஊரில் சிறுவாணித் தண்ணீர் வந்தால் அதைப் பிடித்து வையுங்கள், இல்லையென்றால் ஆர்ஓ தண்ணீர். கோட்டிக்யூலில் இருக்கும் வெள்ளைத் திட்டு வெறும் உப்புதான், கூடவே வந்த சின்னக் கல்லால் லேசாகத் தேய்த்தால் போய்விடும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள், கார்பன் எஃகுக்குத் தண்ணீர் எமன். தீட்டி முடித்ததும் பிடிக்குள் ஆணி இருக்கும் இடத்தில் டிஷ்யூ பேப்பரைச் செருகி ஈரத்தை எடுத்துவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வெளியே பளபளவென்று இருக்கும், துரு அங்கேதான் பிடிக்கும்.

மஞ்சள்_கல்

கோட்டிக்யூலில் எப்படித் தீட்டுவது என்று யாரும் சொல்லவில்லை. அது பெல்ஜியத்தில் ஆர்டென் மலைப் பக்கம், வீல்சாம் ஊரைச் சுற்றிக் கிடைக்கும் கல். வெட்டுவது அதிலுள்ள நுண்ணிய கார்னெட் மணிகள், மைக்ரான் அளவில்தான் இருக்கும், மென்மையான கல்லுக்குள் பதிந்திருக்கும். சின்னக் கல்லால் தேய்த்தால் அந்த மணிகள் விடுபட்டுப் பால் மாதிரி ஒரு குழம்பு வரும், சந்தனம் உரைக்கிற மாதிரிதான். கெட்டிக் குழம்பில் வேகமாக வெட்டும், வெறும் தண்ணீரில் மிக மெதுவாக.

அதனால் இந்தக் கல்லில் தண்ணீர்தான் உங்கள் கையில் இருக்கும் கருவி. குழம்போடு ஆரம்பியுங்கள், 20 இழுப்புக்கு ஒரு தடவை விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு நீர்க்க வையுங்கள், வெளுத்து வெளுத்துக் கடைசியில் தெளிந்த தண்ணீராகிவிடும். அங்கே ஒரு 50 இழுத்து முடியுங்கள். அவசரப்பட்டு ஒரேயடியாகக் கழுவிவிட்டால் கெட்டிக் குழம்பில் மழுங்கியிருந்த வாய் அப்படியே நிற்கும், முகத்தில் இழுக்கும்.

எண்ணெய் போட்டால் கல் செத்துவிடாது, கடைசி இழுப்புகளுக்கு எண்ணெயோ நுரையோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள், வாய் இன்னும் மிருதுவாகிறது என்பார்கள். ஆனால் எண்ணெய் போட்ட கல்லில் குழம்பு எடுக்க முடியாது. முதல் ஆறு மாதம் தண்ணீரை மட்டும் பழகுங்கள் என்றுதான் நான் சொல்வேன். நாளைக்கு கியோட்டோ பக்கத்து ஜப்பான் கற்கள் பக்கம் போனால் அதில் எண்ணெய்ப் பேச்சே கூடாது. அதில் பலவும் தண்ணீர் குடிக்கிற அடுக்குக் கல், எண்ணெய் உள்ளே போனால் திரும்ப வராது.

நுரைக்கிண்ணம்

எல்லோருக்கும் நன்றி. ஆர்கன்சாவை இரண்டு ராத்திரி ஊற வைத்தேன், முதல் நாள் தண்ணீரில் மஞ்சளாக எண்ணெய் மிதந்தது, இரண்டாம் நாள் எதுவும் இல்லை. பிசுபிசுப்பும் வாடையும் போய்விட்டது.

நேற்று சிறுவாணித் தண்ணீர் வந்தது, கோட்டிக்யூலில் குழம்பு எடுத்து மஞ்சள்_கல் சொன்னபடி நீர்த்துக்கொண்டே போனேன், முக்கால் மணி நேரம் ஆனது. அப்புறம் ஆர்கன்சாவில் மூன்று சொட்டு லிக்விட் பாரஃபின். கொஞ்சம் வழுக்குகிற மாதிரி இருந்ததால் துடைத்துவிட்டு ஒரே சொட்டு விட்டேன், உடனே கத்தி கல்லைப் பிடிப்பது விரலில் தெரிந்தது, பத்து இழுப்பில் எண்ணெய் சாம்பல் நிறமானது. 80 இழுத்து, கழுவி, தோல்வாரில் 60.

இன்று காலை கன்னத்தில் இழுக்கவே இல்லை. மோவாய்க்குக் கீழே மட்டும் இன்னும் கொஞ்சம் பிடிக்கிறது, கத்தியின் நுனிப் பக்கம்.

பழையஇரும்பு

நுனி கல்லில் சரியாகப் படவில்லை. முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படுத்திருக்க, கத்தியை நேராகத் தள்ளாமல் குறுக்கே சரித்து இழுங்கள், இழுப்பு முடியும்போது நுனி மட்டும் கல்லில் இருக்க வேண்டும். வாயில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள், மை எங்கே அழியாமல் இருக்கிறதோ அங்கே கல் தொடவில்லை. கோட்டிக்யூலில் வெறும் தண்ணீரில் செய்தால் போதும், ஆர்கன்சா வரை போக வேண்டாம்.