முகம் காட்டாமல் உதவி பெற வழியுண்டா? யூத சமூகங்களின் உதவி ஏற்பாடுகள் பற்றி ஒரு கேள்வி

வெள்ளவத்தை ஒழுங்கைவாசி கேட்டது:

வணக்கம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட சில ஒழுங்கைகளில் வசிக்கும் நாங்கள் சிறிய நலன்புரிச் சங்கமொன்றை நடத்தி வருகிறோம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது உலர் உணவுப் பொதி வழங்குவதில் தொடங்கிய வேலை, இப்போது மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெறுவதற்காக வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து தங்குபவர்களுக்குத் துணைநிற்பதுவரை வளர்ந்திருக்கிறது. பணத்தின் பெரும்பகுதி வெளிநாட்டிலுள்ள உறவினர்களிடமிருந்து வருகிறது. பொதி உரியவரிடம் போய்ச் சேர்ந்ததற்குச் சான்றாக, அவர் அதைக் கையில் ஏந்தி நிற்கும் படத்தை அவர்கள் கேட்கிறார்கள்.

கடந்த மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பொதி பெற வந்தார். எங்கள் ஒழுங்கையில் பாதிப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். படம் எடுக்கக் கைப்பேசியை உயர்த்தியதும், பொதியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, “தம்பி, அரிசி எனக்கு வேணும். ஆனா இது வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கைப்பேசியை உயர்த்தியவன் நான். அன்றிலிருந்து இந்தப் பணியைச் செய்யும் முறையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கனடாவிலுள்ள என் மைத்துனர், அங்குள்ள யூத சமூகத்தவரிடையே வட்டியில்லாக் கடன், பொருட்களை இரவல் கொடுத்தல், வாசலில் வைத்துவிட்டுப் போகும் உணவுப் பொதி முதலிய ஏற்பாடுகள் இருப்பதாகவும், பெறுபவரை வெட்கப்படுத்தாமல் இருப்பதையே அவர்கள் முதல் விதியாகக் கொள்வதாகவும் சொன்னார். இவை உண்மையில் எவ்வாறு நடக்கின்றன, யார் தீர்மானிக்கிறார்கள், படமில்லாமல் கணக்கை எப்படிக் காட்டுகிறார்கள் என்பவற்றை அறிந்தவர்கள் விளக்க முடியுமா? மத்திய கிழக்கு அரசியல் இந்தக் கேள்வியின் பொருளன்று. தயவுசெய்து அதை இங்கே விட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கொட்டாஞ்சேனை:

தம்பி, சொல்லிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற ஏற்பாடுகளெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. நாம் தருமம் என்றோ கொடை என்றோ சொல்லும் இடத்தில் எபிரேய மொழியில் செதாக்கா என்ற சொல் நிற்கிறது. அதன் வேர் நீதியைக் குறிக்கும் செதெக். ஆகவே அது கொடுப்பவரின் பெருந்தன்மையைப் பேசும் சொல்லன்று; வறியவருக்கு உரியதை அவரிடம் சேர்ப்பிக்கும் கடமையைப் பேசும் சொல். வயலின் ஓரத்தை முற்றாக அறுக்காமலும் சிந்திய கதிர்களைத் திரும்பப் பொறுக்காமலும் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் விதிக்கிறது. வேதாகமக் கதையில் போவாஸ் என்ற நிலக்காரரின் வயலில் ரூத் என்ற ஏழை விதவை கதிர் பொறுக்கியது இந்த உரிமையின் பேரில்தான்.

வயலும் அறுவடையும் இல்லாத நகர வாழ்வுக்கு வேறு ஏற்பாடு வேண்டியிருந்தது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு இரண்டைச் சொல்கிறது. தம்ஹுயி என்பது அன்றாடம் உணவைச் சேர்த்து, பசியோடு வரும் எவருக்கும் பகிரும் தட்டு. குப்பா என்பது அவ்வூர் ஏழைகளுக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வாரத்துக்கு வேண்டியதைக் கொடுக்கும் நிதிப் பெட்டி. கையில் இரண்டு வேளை உணவு உள்ளவர் முதலாவதிலிருந்து எடுக்கக்கூடாது. பதினான்கு வேளை உணவு உள்ளவர் இரண்டாவதிலிருந்து எடுக்கக்கூடாது. அளவு இவ்வளவு துல்லியமாக வகுக்கப்பட்டிருப்பதால், தகுதி என்பது நிர்வாகியின் மனநிலையைப் பொறுத்ததாக இருக்கவில்லை.

நீங்கள் கேட்ட கணக்கு விடயத்துக்கும் அங்கே விடையுண்டு. குப்பாவுக்கு இருவர் சேர்ந்தே வசூலிக்க வேண்டும், மூவர் சேர்ந்தே பகிர வேண்டும் என்பது விதி. வசூலிப்பவர் சந்தையில் தமக்குச் சொந்தமாக ஒரு நாணயத்தைக் கண்டெடுத்தாலும் அதைத் தம் பையில் போட்டுக்கொள்ளக்கூடாது. குப்பாவிலேயே போட்டு, வீடு போய்ச் சேர்ந்தபின் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மிஷ்னாவை விரித்துரைக்கும் தல்மூத் என்னும் நூல் சொல்கிறது. பார்ப்பவர் மனத்தில் ஐயம் எழவே இடம் வைக்கக்கூடாது என்பதே இதன் கருத்து. சான்று காட்டும் சுமை முழுவதும் பகிர்பவர் தோளில் இருப்பதையும், பெறுபவர் தாம் பெற்றதை நிரூபிக்க வேண்டியிராததையும் கவனியுங்கள். விசாரணையிலும் ஒரு வரம்பு உண்டு: உடை கேட்பவரை விசாரிக்கலாம், ஆனால் பசிக்கிறது என்று வருபவரை விசாரிக்காமல் உடனே கொடுக்க வேண்டும்.

கெய்ரோவை அடுத்த புஸ்தாத்தில் வாழ்ந்த மருத்துவரும் சட்ட அறிஞருமான மைமோனிடிஸ் (1138–1204) கொடையை எட்டுப் படிகளாக வகுத்தார். முகம் சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. கேட்குமுன் கொடுப்பது கேட்டபின் கொடுப்பதைவிட உயர்ந்தது. கொடுத்தவர் யாரென்று பெற்றவரும், பெற்றவர் யாரென்று கொடுத்தவரும் அறியாதது மேலிருந்து இரண்டாம் படி. எல்லாவற்றுக்கும் மேலாக அவர் வைத்தது, கடனாகவோ கூட்டுத் தொழிலாகவோ வேலையாகவோ கொடுத்து, ஒருவர் மீண்டும் கையேந்தத் தேவையில்லாதபடி செய்வதை.

இன்னொன்றையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. புஸ்தாத்தின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்துச் சேமிப்பறையில் நூற்றாண்டுகளாகக் கிடந்த பழந்தாள்கள் 1890களில் பெருமளவில் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவற்றுள் வாரத்தில் இருமுறை ரொட்டி பெற்றவர்களின் பட்டியல்களும், நொடித்துப்போன குடும்பத்தவர்கள் எழுதிய உதவி வேண்டும் கடிதங்களும் இருக்கின்றன. பொது இடத்தில் உதவி கேட்க நேர்வதை அக்கடிதங்கள் “முகத்தைத் திறத்தல்” என்ற தொடரால் குறிக்கின்றன. இதுவரை தம் முகத்தை எவருக்கும் திறந்ததில்லை என்று மன்றாடியவர்கள் அவர்கள். உங்கள் ஆசிரியை மேசையில் பொதியை வைத்தபோது சொன்னதும் அதுவே என்று நினைக்கிறேன்.

லண்டனிலிருந்து திரும்பியவர், பம்பலப்பிட்டி:

ஆசிரியர் ஐயா நூல்வழி சொன்னதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பதினொரு ஆண்டுகள் வட லண்டனில் முதியோர் பராமரிப்பாளராக வேலை செய்தேன். பராமரித்தவர்களில் பலர் யூத முதியவர்கள். உங்கள் மைத்துனர் சொன்ன இரவல் ஏற்பாட்டுக்குக் கெமாக் என்று பெயர். அன்புச் செயல் செய்தல் என்று பொருள்படும் எபிரேயத் தொடரின் சுருக்கம் அது. முதலில் வட்டியில்லாக் கடனையே குறித்த அந்தச் சொல், இன்று எந்தப் பொருளை இரவல் கொடுப்பதற்கும் வழங்குகிறது. இதற்கென்று அலுவலகமோ பெயர்ப்பலகையோ தேவைப்படுவதில்லை. ஒரு வீட்டில் மடக்குக் கட்டில்களும் குழந்தைத் தொட்டில்களும் இருக்கும். இன்னொரு வீட்டு மேல்மாடியில் மணப்பெண் உடைகள் வரிசையாகத் தொங்கும். வேறொருவர் இழவு வீட்டுக்குத் தேவையான தாழ்ந்த நாற்காலிகளை வைத்திருப்பார், ஏனெனில் அவர்கள் ஏழு நாட்கள் அவற்றில் அமர்ந்தே துக்கம் காப்பார்கள். எவர் வீட்டில் என்ன இருக்கிறது என்பது ஊருக்குத் தெரியும். தொலைபேசியில் அழைத்து, ஒரு முன்வைப்புத் தொகையைக் கொடுத்து எடுத்துச்சென்று, திருப்பிக் கொடுக்கும்போது அத்தொகையைப் பெற்றுக்கொள்வார்கள்.

இதில் என் மனத்தில் நின்றது, வசதியுள்ளவர்களும் அதே வீட்டு வாசலில் வந்து நின்று எடுத்துப் போனதுதான். விருந்தினர் வந்தால் கட்டில் எல்லோருக்கும் தேவைப்படும். ஆகவே அந்த வாசலில் நிற்பவரைப் பார்த்து அவர் ஏழையா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது.

உணவுப் பொதிகள் வியாழன் இரவில், வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளுக்குமுன் போய்ச் சேரும். தோம்கே ஷப்பாத் என்ற பெயரில் இந்த வேலையைச் செய்யும் குழுக்கள் பல நகரங்களில் இருக்கின்றன. பொதியை வாசலில் வைத்துவிட்டுக் கதவு திறக்குமுன் போய்விடுவது அவர்களிடையே பரவலான வழக்கம். பழைய காலத்தில் எல்லாம் இப்படி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிழக்கு லண்டன் புறூண் வீதியில் 1902இல் கட்டப்பட்ட யூத ஏழைகளுக்கான கஞ்சிக் கூடத்தின் முகப்பு இன்றும் நிற்கிறது. உள்ளே போகும் வழி, வெளியே வரும் வழி என்று கல்லில் பொறித்த இரண்டு வாசல்கள். அந்த வீதியில் வரிசையில் நின்றவர்களை ஊரே பார்த்திருக்கும். வரிசையிலிருந்து வாசற்படிக்கு வந்தது ஒரு நீண்ட பயணம்.

மகரகம நோயாளர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஜெருசலேமில் 1976இல் தொடங்கப்பட்ட யாத் சாரா என்னும் நிறுவனம், சக்கர நாற்காலி, ஊன்றுகோல், ஒட்சிசன் கருவி போன்றவற்றை மத வேறுபாடின்றி இரவல் கொடுக்கிறது. குழந்தைக்காக ஒரு நீராவிக் கருவியைத் தேடி அலைந்த ஓர் இளம் தந்தை, தம் வீட்டிலிருந்தே தொடங்கிய வேலை அது. நியூயோர்க் வைத்தியசாலைகள் சிலவற்றில் நோயாளரின் உறவினருக்கென்று உணவும் தேநீரும் வைத்த சிறிய அறையைத் தொண்டர்கள் பராமரிக்கிறார்கள். சிகிச்சைக்காகக் கிளிநொச்சியிலிருந்து வந்து, வாடகை அறையில் சமைக்க வழியில்லாமல் கடைச் சாப்பாட்டுக்குக் காசை எண்ணிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு, அத்தகைய ஓர் அறை என்னவாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

தெமட்டகொடை வாசகர்:

செதாக்கா என்ற சொல்லை வாசித்ததும் முஸ்லிம்களாகிய எங்களின் சதக்கா என்னும் தருமம் நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒரே செமித்திய வேரிலிருந்து பிறந்தவை. ஆசிரியர் குறிப்பிட்ட அந்தக் கெய்ரோக் கடிதங்களில் பல எபிரேய எழுத்தில் எழுதிய அரபு மொழியிலானவை. நம் முன்னோர் அரபு எழுத்தில் தமிழை எழுதி அரபுத்தமிழ் என்று வழங்கியதை ஒத்தது இது. அவற்றில் மானத்தோடு மறைந்து வாழும் வறியவரை மஸ்தூர், அதாவது மறைக்கப்பட்டவர், என்று குறித்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை நான் என் வாப்பாவின் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன்.

இறுதிச் சடங்கையும் இந்தப் பேச்சில் சேர்க்க வேண்டும். ஒரு காலத்தில் யூதர்களிடையே அடக்கச் செலவு மரணத்தைவிடக் கொடியதாக இருந்ததாம். அவர்களுடைய தலைவர் ரப்பான் கமாலியேல் தம்மை எளிய நார்த்துணியில் எடுத்துச்செல்லச் செய்தபின் மற்றவர்களும் அதைப் பின்பற்றினார்கள் என்று தல்மூத் பதிவுசெய்கிறது. இன்றும் ஹெவ்ரா கதீஷா என்னும் அடக்கச் சங்கத்தவர் பணக்காரரையும் ஏழையையும் ஒரேவிதமான வெள்ளாடையில்தான் அடக்குகிறார்கள். எங்கள் ஜனாஸா சங்கங்களும் கபன் துணியும் அப்படியே. பெட்டிக்கும் மாலைக்கும் கடன்பட்டு நொந்த தமிழ்க் குடும்பங்களை நானறிவேன். உங்கள் சங்கம் அதையும் ஒருநாள் எண்ணிப் பார்க்கலாம்.

எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. ஒரே தொழுகைக்கூடத்தைச் சுற்றி நெருங்கி வாழும் சமூகத்தில் இந்த ஏற்பாடுகள் இயல்பாக வேரூன்றும். ஆனால் வெள்ளவத்தை ஒழுங்கையில் பல மதத்தவரும் வெளியூரவரும் இருக்கிறோம். அமைதியின் பொருட்டு பிற மதத்து ஏழைகளையும் தம் ஏழைகளோடு சேர்த்துத் தாங்க வேண்டும் என்று தல்மூத்திலேயே விதியிருப்பதால், நீங்களும் அதையே பிடித்துக்கொள்வது நல்லது.

கணக்காளர், வத்தளை:

படம் கேட்பவர்களைக் கடிந்துகொள்வதற்குமுன் அவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தொலைவிலிருந்து உழைத்து அனுப்புபவர் ஏமாற்றப்பட்ட அனுபவம் நம்மிடையே குறைவன்று. எனக்கும் அப்படி ஒரு சங்கத்தோடு கசப்பு உண்டு. ஆகவே படத்தை நிறுத்தினால் அந்த இடத்தில் அதைவிட உறுதியான ஒன்றை வைக்க வேண்டும். ஒவ்வொரு பொதிக்கும் வரிசை எண் கொடுங்கள். கொள்வனவுப் பற்றுச்சீட்டையும் கட்டிவைத்த பொதிகளையும் படமெடுத்து அனுப்புங்கள். எண்ணுக்கு எதிரே பெயருள்ள பதிவேடு மூவரிடம் மட்டுமே இருக்கட்டும். அந்த மூவரும் ஒவ்வொரு மாதமும் கையொப்பமிட, சங்கத்தில் பொறுப்பு வகிக்காத ஒருவர் ஆண்டுக்கொருமுறை அதைச் சரிபார்க்கட்டும். ஆசிரியர் சொன்ன இருவர், மூவர் விதி எங்கள் தொழிலில் இன்றும் நாங்கள் வற்புறுத்தும் விதிதான்.

பணக்கடனை இப்போதே தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. 1892இல் நியூயோர்க்கில் தொடங்கிய எபிரேய வட்டியில்லாக் கடன் சங்கம் போன்றவை பிணையாளரைக் கேட்டே கடன் கொடுக்கின்றன. உங்களுடையது சிறிய சங்கம். ஒருவர் திருப்பிக் கொடுக்காவிட்டால் பிணைநின்ற அயலவரோடு மனக்கசப்பு வரும், சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையும் தேவைப்படும். பொருளிலிருந்து தொடங்குங்கள். சக்கர நாற்காலி, நெபியுலைசர், உயர்தர மாணவருக்கான நூல்கள் ஆகியவை திரும்பி வரும், வராவிட்டாலும் சங்கம் முறியாது. முன்வைப்புத் தொகையைக் கொடுக்க முடியாதவரிடம் அதைக் கேட்காமல் விடும் உரிமை பொருளை வைத்திருப்பவருக்கு இருக்க வேண்டும். அவர் அதை எவரிடமும் சொல்லக்கூடாது.

வெள்ளவத்தை ஒழுங்கைவாசி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அச்சிட்டு எங்கள் செயற்குழுவில் வாசித்தேன். இனி எவரையும் படமெடுப்பதில்லை என்று முடிவுசெய்து, வரிசை எண் முறையை விளக்கி வெளிநாட்டு அன்பர்களுக்கு எழுதியிருக்கிறோம். இருவர் உடனே ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் படமில்லாவிட்டால் அனுப்ப இயலாது என்று பதில் எழுதினார். அவருடைய பங்கு சிறியதன்று, எனினும் முடிவை மாற்றவில்லை.

ஆசிரியையின் வீட்டுக்கு நான் போனேன். பொதியை எடுத்துச் செல்லவில்லை. எங்கள் ஒழுங்கையில் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை எழுதவிருக்கும் ஆறு பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க முடியுமா, சங்கம் மாதந்தோறும் வேதனம் தரும் என்று கேட்டேன். மைமோனிடிசின் மிக உயர்ந்த படி என் மனத்தில் இருந்தது. நேரத்தை யோசித்துச் சொல்வதாகவும், கரும்பலகை வேண்டும் என்றும் சொன்னார்.

இரவல் பொருட்களுக்கு எங்கள் வீட்டு முன்னறையை ஒதுக்கியிருக்கிறேன். இப்போதைக்கு ஒரு நெபியுலைசரும் இரண்டு ஊன்றுகோல்களும் இருக்கின்றன. சக்கர நாற்காலி எவரிடமாவது பயன்படாமல் கிடந்தால் அறியத் தாருங்கள்.

லண்டனிலிருந்து திரும்பியவர், பம்பலப்பிட்டி:

அம்மா பயன்படுத்திய சக்கர நாற்காலி எங்கள் வீட்டில் இருக்கிறது. அவர் காலமாகி எட்டு மாதங்களாகின்றன. ஞாயிறு காலை பத்து மணிக்குப்பின் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கத் தடுப்பு சற்று இறுகியிருக்கிறது, எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். யார் எடுத்துச் செல்கிறார் என்பதை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.